டிமென்ஷியா முதியோர் பராமரிப்பு: நிதி எங்கே போய்ச் சேர வேண்டும்?

டிமென்ஷியா என்பது தனி ஒரு நோயின் பெயர் அல்ல. நினைவு, மொழி, திசையுணர்வு, முடிவெடுக்கும் திறன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, அன்றாடக் காரியங்களைக்கூடத் தானே செய்துகொள்ள முடியாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோய் விடும் பல மூளை நோய்களுக்கான பொதுப்பெயர் அது. டிமென்ஷியா பாதிப்புகளில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் நோயால் வருபவை. மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வருவது அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. எப்போதோ ஒரு நாள் அடுப்பை அணைக்க மறப்பது வேறு. நாற்பது ஆண்டுகளாக வைத்துவந்த சாம்பாரை எப்படி வைப்பது என்று தெரியாமல் அடுப்பின் முன் திகைத்து நிற்பது வேறு. முன்னது வயதின் இயல்பு, பின்னது நோய். "வயசானா அப்படித்தான்" என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் இந்தியக் குடும்பங்கள் பல ஆண்டுகளை இழக்கின்றன. அரசுகளும் அதே சொல்லின் நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் 5.7 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் இருப்பது ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களிடையே நடத்தப்பட்டு 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, அவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதலாக இருந்தது. கல்விக் குறைவும் டிமென்ஷியாவுக்கான காரணிகளில் ஒன்று என்பதால், பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாமல் போன ஒரு தலைமுறைப் பெண்கள் முதுமையிலும் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள் என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. 2036-இல் இந்த எண்ணிக்கை 1.69 கோடி ஆகும் என்று அதே ஆய்வு கணிக்கிறது.

ரசீது இல்லாத வேலை

நிதி பற்றிப் பேசும் முன் செலவு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2019-இல் டிமென்ஷியாவுக்காக உலகம் செலவிட்டது சுமார் 1.3 லட்சம் கோடி டாலர். அதில் மருத்துவமனை, மருந்து, பரிசோதனை ஆகிய நேரடி மருத்துவச் செலவு 16 சதவீதம்தான். காப்பகங்கள், சம்பளத்துக்கு வரும் பராமரிப்பு ஊழியர்கள் ஆகியோருக்கு ஆனது 34 சதவீதம். மீதிப் பாதி, குடும்பத்தார் சம்பளமில்லாமல் செய்யும் வேலையின் மதிப்பு. ஒரு நோயாளிக்காகக் குடும்பத்தார் செலவழிக்கும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மணி. அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது.

நோய் நடுக்கட்டத்தை எட்டிய ஒரு முதியவரின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும். காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக் கையில் கொடுத்தால் போதாது. கையைப் பிடித்து இரண்டு தேய்ப்புத் தேய்த்துக் காட்டினால்தான் மூன்றாவது தேய்ப்பு அவருடையதாக இருக்கும். தண்ணீர் மேலே பட்டதும் யாரோ தாக்குவதாக நினைத்துக் குளிக்க மறுப்பார். இட்லியைச் சிறு துண்டுகளாக்கித் தர வேண்டும்; விழுங்கினாரா, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டுக் கைகழுவிய அரை மணியில், பார்க்க வந்த உறவினரிடம் "இன்னும் சோறு போடல" என்பார். சாப்பாடு போட்ட மருமகள் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மாலை நான்கு மணிக்கு மேல் பதற்றம் கூடும். தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து எழுந்து கேட்டுக்குப் போவார். இரவில் மூன்று நான்கு முறை எழுவார்; கழிப்பறை எங்கே என்று தெரியாமல் அறை மூலையில் நிற்பார். அவர் எழும்போதெல்லாம் இன்னொருவரும் எழ வேண்டும்.

இவற்றில் எதற்கும் ரசீது கிடையாது. இந்தப் பிரச்சினையின் மையம் இதுவே. ரசீது இருந்தால்தான் காப்பீடு பணம் தரும், வரிச்சலுகை கிடைக்கும், அரசுக் கணக்கில் செலவென்று பதிவாகும். டிமென்ஷியாவின் பெரும்பங்குச் செலவோ ஒருவரின் நேரமாகவும் தூக்கமாகவும் விட்டுவிட்ட வேலையாகவும் கரைகிறது.

மருந்து இந்தக் கணக்கை மாற்றிவிடுமா என்ற கேள்விக்கு இப்போதைக்கு விடை, இல்லை என்பதுதான். டோனபெசில், மெமன்டைன் போன்ற பழைய மருந்துகள் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கின்றன, நோயை நிறுத்துவதில்லை. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப், தொடக்கநிலை அல்சைமரின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. ஆனால் அது சந்தைக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 டாலர். மருந்தோடு அடிக்கடி மூளை ஸ்கேனும் எடுக்க வேண்டும். தடுப்பு வழிகளில் நம்பிக்கைக்குக் கூடுதல் இடம் உண்டு. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைக் கவனித்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்னது. ஆயினும் இன்று நோயோடு இருப்பவருக்குத் தேவை ஆள்தான்.

இந்தியாவில் பொதுப்பணம் எதற்குப் போகிறது

2024 அக்டோபர் இறுதியில் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருமான வரம்பு இல்லாமல் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அதே அளவுக்கு உதவுகிறது. இதய அறுவை சிகிச்சைக்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் இவை பெரிய துணை. ஆனால் இரண்டுமே மருத்துவமனையில் படுக்கும் நோயாளியை மனத்தில் வைத்து உருவானவை. டிமென்ஷியா நோயாளி கட்டிலில் படுத்திருப்பது வீட்டில். மருத்துவமனை அவருக்குப் பல வேளைகளில் கெடுதலே செய்யும். புது இடம், புது முகம், இரவெல்லாம் எரியும் விளக்கு எல்லாம் சேர்ந்து குழப்பத்தைக் கூட்டிவிடும். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 கட்டளையிடுகிறது. நினைவையும் திசையுணர்வையும் பாதிக்கும் கடும் கோளாறுகள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அங்கும் கிடைக்கும் பயன் பெரும்பாலும் உள்நோயாளிச் செலவோடு நின்றுவிடுகிறது.

வருமான வரியில் சிகிச்சைச் செலவுக் கழிவுக்கான விதிகள் டிமென்ஷியாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்றால், மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவில் ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு கோரலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானமும், காட்டுவதற்கு ரசீதும், பழைய வரிமுறையும் உள்ளவருக்கே அது உதவும். நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்கு வருவது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் அது 2023-இல் மாதம் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக உயர்ந்தது. அதில் 60 முதல் 79 வயதினருக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய். 1200 ரூபாய் என்றால் நாளுக்கு 40 ரூபாய். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்றை வாங்கினால் மிச்சம் அதிகம் இருக்காது.

2013-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, டிமென்ஷியா நோயாளி ஒருவருக்குக் குடும்பம் ஆண்டுக்குச் செலவிடும் தொகையை நகரத்தில் 45,600 முதல் 2,02,450 ரூபாய் என்றும், கிராமத்தில் 20,300 முதல் 66,025 ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அதன்பின் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. முழுநேரமும் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்வது இன்று நடுத்தர வர்க்கத்துக்கே எட்டாத காரியமாகி வருகிறது.

பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் சொல்கிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிடலாம். கைவிடப்பட்டவர்களுக்கு அது தேவையான சட்டம். ஆனால் டிமென்ஷியா வீடுகளில் பெரும்பாலும் நடப்பது கைவிடல் அல்ல. கைவிடாமல் பார்த்துக்கொள்பவர் தாமே நோயாளி ஆவதுதான்.

அளவுகோல் செய்த அநீதி: ஜெர்மனி

ஜெர்மனி 1995-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. சம்பளத்திலிருந்து பிடித்தம், முதலாளியின் பங்கு, தேவை ஏற்படும்போது பணமாகவோ சேவையாகவோ உதவி என்ற நல்ல ஏற்பாடு. ஆனால் தேவையை அளந்த விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குளிப்பாட்ட, ஊட்ட, உடுத்த, நடக்க வைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று மதிப்பீட்டாளர் கணக்கெடுப்பார். முதல் நிலை உதவிக்கே நாளொன்றுக்குச் சராசரி 90 நிமிட உதவி தேவைப்பட வேண்டும். அதில் பாதிக்கு மேல் உடல் சார்ந்ததாக இருக்க வேண்டும். கைகால் நன்றாக இருக்கும் டிமென்ஷியா நோயாளி தானே நடப்பார், தானே சாப்பிடுவார். எனவே அவருக்குத் தேவை குறைவு என்று கணக்கு சொன்னது. தானே நடப்பதுதான் அவரிடம் உள்ள ஆபத்து என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியவில்லை. நாள் முழுதும் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்வதற்கு அதில் நிமிடமே இல்லை.

இந்தப் பிழையைத் திருத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் சிறு சிறு தொகைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2017-இல்தான் மூன்று நிலைகளை எடுத்துவிட்டு ஐந்து தரங்களைக் கொண்டுவந்தார்கள். நிமிடங்களுக்குப் பதிலாக, ஒருவர் எவ்வளவு தூரம் தானாக இயங்குகிறார் என்பது அளவுகோல் ஆனது. நினைவு, புரிதல், இரவு நேர அமைதியின்மை, அச்சம் எல்லாம் மதிப்பெண் பெறத் தொடங்கின. 2025 நிலவரப்படி வீட்டில் உறவினர் பார்த்துக்கொண்டால் இரண்டாம் தரத்துக்கு மாதம் 347 யூரோவும் ஐந்தாம் தரத்துக்கு 990 யூரோவும் ரொக்கமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது பராமரிக்கும் உறவினருக்கு, உரிய நிபந்தனைகளோடு, ஓய்வூதியச் சந்தாவையும் காப்பீடே கட்டுகிறது. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட மகள் தன் முதுமையில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்ற யோசனை இதில் இருக்கிறது. ஜெர்மன் ஏற்பாட்டில் மற்ற நாடுகள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த அம்சமே.

ஜப்பான்: காப்பீடும் ஒரு ரயில் விபத்தும்

ஜப்பான் 2000 ஏப்ரலில் தன் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். 65-ஐக் கடந்தவர் தேவைக்கேற்ப ஏழு நிலைகளில் ஒன்றில் சேர்க்கப்படுவார். செலவில் பாதி வரிப்பணம், பாதி சந்தா. பயனாளி கட்டுவது வழக்கமாக 10 சதவீதம், வசதியானவர் என்றால் 20 அல்லது 30. ஜெர்மனியைப் போலப் பணமாகத் தருவதா என்று அங்கும் பெரிய விவாதம் நடந்தது. பணம் கொடுத்தால் மருமகள் வீட்டோடு கட்டிப்போடப்படுவாள், சேவைகள் வளரா என்று பெண்கள் அமைப்புகள் வாதிட்டன. அந்த வாதம் வென்றது. பகல்நேர மையம், சில நாள் தங்கல், வீட்டுக்கு வரும் உதவியாளர், ஐந்து முதல் ஒன்பது பேர் சேர்ந்து வாழும் சிறு இல்லங்கள் எல்லாம் ஊருக்கு ஊர் வளர்ந்ததற்கு அந்த முடிவும் காரணம்.

ஆனால் காப்பீடு மட்டும் போதாது என்பதை 2007 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. ஐச்சி மாநிலத்தின் ஓபு நகரில், டிமென்ஷியா உள்ள 91 வயது முதியவர், உடனிருந்த 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறினார். தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்தார். ரயில் தாமதமான நட்டத்துக்கு ஈடாக சுமார் 72 லட்சம் யென் கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது. 2013-இல் மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் கட்ட வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் தொகை பாதியாகி, பொறுப்பு மனைவி மேல் மட்டும் விழுந்தது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவருக்கும் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. தள்ளாத வயதில், தானும் பராமரிப்பு தேவைப்படும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டி, விபத்து நடந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் வரை அதன் சுமையைத் தாங்கினார்.

தீர்ப்புக்குப் பின் ஜப்பானிய நகராட்சிகள் சில தாமே முன்வந்தன. கோபே நகரம் 2019-இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. குடியிருப்போர் வரியில் தலைக்கு ஆண்டுக்கு 400 யென் கூட்டியது. அந்தப் பணத்தில் 65 வயது கடந்தவர்களுக்கு நோயறிதல் இலவசம். நோயாளியால் விபத்து நேர்ந்தால் ஈட்டுத்தொகைக்கு நகராட்சியே காப்பீடு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவான தொகையை ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் கொடுத்து, யாரோ ஒருவர் வீட்டில் விழக்கூடிய இடியை ஊரே தாங்கிக்கொள்கிறது. வரி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. 2023-இல் ஜப்பானிய நாடாளுமன்றம் டிமென்ஷியாவுக்கென்றே அடிப்படைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2005 முதல் நடக்கும் ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளி மாணவர் என ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் டிமென்ஷியா ஆதரவாளர்களாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

எதிர்மறைப் பாடம் வேண்டுமென்றால் இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே புற்றுநோய்க்குச் சிகிச்சை இலவசம். டிமென்ஷியாவுக்குத் தேவைப்படும் அன்றாட உதவி 'சமூகப் பராமரிப்பு' என்று வகைப்படுத்தப்பட்டு, 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். 2010 முதல் அந்த வரம்பு அசையவில்லை. வாழ்நாள் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று 2011-இல் டில்னாட் ஆணையம் பரிந்துரைத்தது. 2014-இல் சட்டமும் வந்தது. 86,000 பவுண்டு உச்சவரம்பு 2023-க்கு என்றார்கள், பிறகு 2025-க்கு என்றார்கள், 2024 ஜூலையில் கைவிட்டார்கள். எல்லாக் கட்சிகளும் தேவை என்று ஒப்புக்கொண்ட ஒரு சீர்திருத்தம் இப்படித்தான் காணாமல் போகிறது.

கோவாவும் கேரளமும்

ஜெர்மனியின் சம்பளப் பிடித்தமோ ஜப்பானின் சிறு இல்லங்களோ இந்தியாவுக்கு அப்படியே பொருந்தா. இங்கே மிகப் பெரும்பாலோர் சம்பளப் பட்டியலே இல்லாத வேலையில் இருப்பவர்கள். ஆனால் இந்தியாவுக்கு ஏற்ற வழி இந்தியாவிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது.

சென்னை நகரத்திலும் வேலூர்க் கிராமங்களிலும் களம் கண்ட, 10/66 என்ற பெயர் கொண்ட பன்னாட்டு டிமென்ஷியா ஆய்வுக் குழு, ஏழை நாடுகளிலும் டிமென்ஷியா பரவலாக உண்டு, கண்டுபிடிக்கப்படாமல்தான் கிடக்கிறது என்று காட்டியது. அதன் தொடர்ச்சியாக கோவாவில் நடந்த வீட்டுப் பராமரிப்புச் சோதனையின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. மேல்நிலைக் கல்வி முடித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து 'வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்' ஆக்கினார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது, ஆறு மாதம், அவர்கள் வீடுகளுக்குப் போனார்கள். இது நோய், பிடிவாதம் அல்ல என்று விளக்கினார்கள். குளிக்க மறுத்தால் என்ன செய்வது, இரவில் அலைந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அரசு உதவிகளுக்கு மனுப்போட வழிகாட்டினார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார்கள். 81 குடும்பங்களை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டதில், ஆலோசகர் வந்த வீடுகளில் பராமரிப்பவரின் மனநலம் தெளிவாக மேம்பட்டிருந்தது. விலையுயர்ந்த எதுவும் இதில் இல்லை.

கேரளம் இதை அரசு வேலையாக எடுத்துக்கொண்ட முதல் மாநிலங்களுள் ஒன்று. 1992-இல் அங்கே தொடங்கிய அல்சைமர் சங்கத்தோடு சேர்ந்து, 2014-இல் 'ஸ்மிருதிபதம்' திட்டத்தை ஆரம்பித்தது. குன்னங்குளத்தில் பகல்நேர மையமும் எர்ணாகுளம் மாவட்டத்து எடவனக்காட்டில் முழுநேர இல்லமும் வந்தன. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு மாதம் 600 ரூபாய் தரும் 'ஆஸ்வாசகிரணம்' திட்டமும் அங்கு உண்டு. தொகை நாளுக்கு 20 ரூபாய்தான். ஆனாலும் நோயாளிக்கு அல்லாமல் பராமரிப்பவருக்கு அரசுப் பணம் போகலாம் என்ற கொள்கையை அது ஏற்கிறது. இந்தியச் சூழலில் அது சிறிய ஒப்புதல் அல்ல.

தமிழ்நாடு என்ன செய்யலாம்

2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயது கடந்தோர் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். 2031-இல் அது 18.2 சதவீதமாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. முதியோர் நலனில் மாநிலத்துக்குப் பெருமைப்படத்தக்க மரபு உண்டு. முதியோர் மருத்துவத்தை இந்தியாவில் தனித் துறையாக வளர்த்த டாக்டர் வி. எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் சென்னையில் டிமென்ஷியாவுக்கென்று தனி மையம் நடத்துகிறது. ஆனால் பரமக்குடியிலோ பென்னாகரத்திலோ இருக்கும் குடும்பத்துக்கு கிண்டி தொலைதூரம்.

அந்த வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு போகிறார். இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன. டிமென்ஷியாவை வரவழைக்கும் காரணிகளில் இரண்டை அவர் ஏற்கெனவே கவனிக்கிறார். கோவாவில் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்ததை அவருக்கும் கற்றுக்கொடுத்து, அந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுத்தால், மாநிலம் முழுதும் எட்டும் ஓர் ஏற்பாடு கைக்கு வந்துவிடும். ஊதியம் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டுவது, ஒரு வீட்டுப் பெண்ணின் சம்பளமில்லாச் சுமையை இறக்கி இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றுவதாகிவிடும்.

இரண்டாவது தேவை, பராமரிப்பவருக்குப் பகலில் சில மணி நேர விடுதலை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25 அன்புச்சோலை முதியோர் மையங்கள் 10 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டன. பகல்நேர மையம் என்ற யோசனை அரசின் கணக்கில் ஏறிவிட்டது என்பதே நல்ல செய்தி. அந்த மையங்கள் டிமென்ஷியா உள்ளவரையும் ஏற்க வேண்டும்; தானாக வர முடியாதவரை அழைத்துவர வண்டி வேண்டும்; வேலைக்குப் போகிறவர் திரும்பும் வரை திறந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் பயன்பெறுவோர் நன்றாக நடமாடும் முதியவர்கள் மட்டுமே. பராமரிப்பவர் ஊருக்கு, கல்யாணத்துக்கு, தன் அறுவை சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் ஆண்டில் சில நாள் நோயாளியைத் தங்கவைக்க மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அருகிலாவது ஓர் இடம் தேவை.

மூன்றாவது, சான்றிதழ். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோய் பெயரோடு இருக்கிறது, டிமென்ஷியா இல்லை. மனநோய் என்ற வகையில் சான்று பெற வழி உண்டு. அதற்காக, வண்டியில் ஏறவே மறுக்கும் முதியவரை மருத்துவக் குழுவின் முன் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். மனநோய் என்ற பெயரை வாங்கவும் குடும்பங்கள் தயங்குகின்றன. தீவிர பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. டிமென்ஷியாவைத் தனி வகையாகச் சேர்த்து, வீட்டிலேயே மதிப்பிட்டு, கண்காணிப்புத் தேவைக்கும் மதிப்பெண் கொடுத்தால் அந்த உதவித்தொகைக்கு இவர்களும் தகுதி பெறுவார்கள். ஜெர்மனி இருபது ஆண்டுகளில் கற்ற பாடத்தை முதல் நாளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. கையெழுத்துப் போடும் திறனை இழந்தவரின் வங்கிக் கணக்கில் அவருடைய ஓய்வூதியமே கிடந்தாலும், அவர் மருந்துக்கு அதை எடுக்க முடிவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் எளிய வழி தருகிறது. டிமென்ஷியா அதில் வரவில்லை. குடும்பங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போக நேரிடுகிறது. மாவட்ட அளவிலேயே, பாதுகாவலர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் நிபந்தனையோடு, இதைத் தீர்க்க முடியும். நோயின் தொடக்கத்திலேயே குடும்பத்துக்குச் சொல்லிவிட்டால் கூட்டுக் கணக்கும் உயிலும் பிரதிநிதி நியமனமும் நோயாளியின் சம்மதத்தோடே முடிந்துவிடும். நோயை முன்கூட்டியே கண்டறிவதற்கு மருத்துவக் காரணத்தைவிட வலுவான காரணம் இது.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? சந்தாக் காப்பீடு மட்டும் என்றால் அமைப்புசாராத் தொழிலாளர் வெளியே நிற்பார்கள். எனவே அடித்தளம் வரிப்பணமாகத்தான் இருக்க வேண்டும். வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி வசூலாகிறது. அதில் முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கும்படி மாநிலங்கள் மத்திய அரசைக் கேட்கலாம். முறைசார் துறையில் தொழிலாளர் காப்பீட்டுக் கழகத்துக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். பராமரிப்பு விடுப்பையும் வீட்டுப் பராமரிப்பையும் அந்தக் குடையின் கீழ் கொண்டுவரலாம். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் 5 லட்சத்தில் ஒரு சிறு பகுதியை மருத்துவமனைக்கு வெளியே, பகல்நேர மையத்துக்கும் வீட்டு உதவியாளருக்கும் பயன்படுத்த விடுவதற்குப் பெரிய புது நிதி வேண்டியதில்லை. விதியைத் திருத்தினால் போதும். உதவி ரொக்கமா சேவையா என்றால், முதலில் சேவை. மாதம் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் நாளை மீட்டுத் தராது. பக்கத்துத் தெருவில் திறந்திருக்கும் ஒரு மையம் மீட்டுத் தரும். சேவை போய்ச் சேராத ஊர்களில் ரொக்கம் தரலாம்.

கால அவகாசம் அதிகமில்லை. ஜப்பான் தன் முதியோர் பராமரிப்புக்கான பத்தாண்டுத் திட்டத்தை 1989-இல் வகுத்து, மையங்களையும் ஆட்களையும் உருவாக்கிய பிறகே 2000-இல் காப்பீட்டைத் தொடங்க முடிந்தது. 2036-இல் வரப்போகும் 1.69 கோடிப் பேருக்கான ஏற்பாட்டை இந்தியா இப்போது தொடங்கினாலும் கையில் இருப்பது ஏறத்தாழ அதே பத்தாண்டுதான். தன்னார்வலர் பயிற்சியும் சான்றிதழ் விதித் திருத்தமும் சட்டமன்றத்தின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இடம்பெற வேண்டும்.